ஒட்டல் கணக்கு

ஷரீபாவின் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தைக்கு விலை இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய். சண்டே மார்க்கெட்டில் நடைபாதைக் கடைக்காரன் நாலாயிரத்தில் ஆரம்பித்தான். ஜெய்னுலாபுதீன் இரண்டு முறை போவது போல் போய், மூன்றாவது முறை நிஜமாகவே போய், "பாய், வாங்க பாய்" என்று முதுகுக்குப் பின்னால் குரல் வந்த பிறகு திரும்பி நடந்து முடித்த விலை அது. தான் வாங்குவது என்னவென்று அன்றைக்கு அவருக்கே தெரியாது. சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, ஒயர் வைத்த இரண்டு ஜாய்ஸ்டிக், உள்ளே அந்தக் காலத்து வீடியோ கேம் நூற்றுக்கணக்கில் என்றான் கடைக்காரன். பெண்டாட்டியின் கோபத்துக்கு மருந்தும் உள்ளே இருக்கிறது என்று தெரிந்திருந்தால் நாற்பதாயிரம் சொல்லியிருப்பான். ஜெய்னுலாபுதீனும் முப்பத்தைந்துக்கு முடித்திருப்பார்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் அவருக்குக் குடையும் பையும் விற்கிற கடை. புதுச்சேரியில் பகல் ஒரு மணி வாக்கில் கடைகள் கண்ணை மூடிவிடும். நாலு மணிக்குத்தான் திறக்கும். வெளியூர்க்காரர்கள் இதைச் சோம்பல் என்பார்கள். ஃபிரெஞ்சுக்காரன் விட்டுப்போன நாகரிகம் என்று உள்ளூரில் சிலர் நெஞ்சை நிமிர்த்துவார்கள். பக்கத்து எவர்சில்வர் கடை புருஷோத்தமன், "தூங்கறதுக்கு எதுக்கு பாய் சரித்திரம்?" என்று கேட்டுவிட்டு அண்டா வரிசைக்கு நடுவில் பாயை விரிப்பார்.

ஜெய்னுலாபுதீன் தூங்குவதில்லை. பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு வருவார். முதலியார்பேட்டை வீட்டிலிருந்து ஷரீபா சாப்பாட்டுக் கேரியரோடு வந்து சேர்வாள். ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, டிராவல் பேக் குவியலுக்குப் பின்னால் இருவரும் சாப்பிடுவார்கள். அப்புறம் சுவரில் மாட்டியிருக்கும் டிவியைப் போட்டுப் பெட்டியை முடுக்குவார்கள். மகன் அதீப் சென்னையில் வேலைக்குப் போன பிறகு ஆரம்பித்த பழக்கம். பெட்டிக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான விளையாட்டுகளில் இருவருக்கும் ஒத்துவந்தது ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் ஜப்பான் எழுத்தில் இருந்ததால் 'தள்ளுவண்டி' என்று இவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். சிவப்பு வண்டி ஷரீபா, நீல வண்டி அவர். மரத்திலிருந்து விழும் பழங்களை வண்டியில் ஏற்றி, எதிராளியை இடித்துத் தள்ளி, கேட்டுக்குள் முதலில் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஜெயம். பழம், வண்டி, போட்டி. வியாபாரக் குடும்பத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த விளையாட்டு ஓடிய பழைய எந்திரம் இப்போது எங்கும் கிடையாது. பெட்டிக்குள் இருப்பது எமுலேட்டர் என்கிற ஒரு மென்பொருள். தானே அந்தப் பழைய எந்திரம் என்று நடிப்பது அதன் தொழில். நன்றாகவே நடிக்கும், ஒரே ஓர் இடத்தில் மட்டும் வசனத்தை மறந்துவிடும். இரண்டு வண்டிகளும் ஒரே நொடியில் கேட்டில் வந்து மோதினால், சிவப்பும் நீலமும் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் இடது பொத்தானை அழுத்தினால் பிரியும். ஒருவர் அரை நொடி பிந்தினாலும் பிரியாது. நேரம் முடியும்வரை அப்படியே நிற்க வேண்டியதுதான். ஆகவே யாராவது ஒருவர் வாயைத் திறந்து "இடது" என்று சொல்லியாக வேண்டும்.

அங்கேதான் இருந்தது மருந்து.

ஷரீபா கோபித்துக்கொண்டால் பேச மாட்டாள். லுங்கி வியாபாரியின் மகள். முதலில் விலை சொல்பவன் தோற்றான் என்று கேட்டு வளர்ந்தவள், கோபத்திலும் அதே சட்டத்தைத்தான் வைத்திருந்தாள். ஜெய்னுலாபுதீன் வளர்ந்த வீட்டிலும் அதே சட்டம். ஆனால் சாப்பாடு வரும். கேரியர் மட்டும் தரையில் சற்று ஓங்கி உட்காரும். விளையாட்டும் நடக்கும், ஏனென்றால் விளையாடுவது பேச்சில் சேராது. எப்படியும் நாலாவது ஐந்தாவது ஆட்டத்தில் கேட்டில் வண்டிகள் ஒட்டிக்கொள்ளும். திரையின் மூலையில் நேரம் குறையும். கடைசியில் இரண்டு பேரில் ஒருவர், "ம், இடது" என்பார். அது பேச்சில் சேருமா என்று அவர்கள் தீர்மானிப்பதற்குள் அடுத்த வார்த்தை வந்துவிடும். ஃபிரிட்ஜ் வாங்கிய தகராறு இப்படித்தான் முடிந்தது. அதீபைச் சென்னைக்கு அனுப்பியதைப் பற்றிப் பின்னால் வந்த தகராறும் இப்படித்தான். குடை வந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்துச் சுவரில் ஆணியடித்து ஷரீபா கணக்கு வைத்திருந்தாள். அவள் ஜெயித்தது, அவர் ஜெயித்தது, ஒட்டல் என்று மூன்று பத்தி.

பெட்டியைப் போடும்போதெல்லாம் திரையில் ஓர் அறிவிப்பு வரும். புதிய பதிப்பு இருக்கிறது, ஏற்றட்டுமா? கீழே இரண்டு கட்டம்: 'நவ்', 'லேட்டர்'. ஜெய்னுலாபுதீன் வருஷக்கணக்கில் லேட்டரையே அழுத்திவந்தார். முதல் தடவை கேட்டதற்கே சரி என்று சொல்வது அவர் ரத்தத்தில் இல்லை. லேட்டர் என்றால் எதிராளி கொஞ்சம் இறங்கி வருவான் என்பது அவர் கணிப்பு. கணிப்பு பலிக்கவும் செய்தது. ஆரம்பத்தில் அந்த அறிவிப்பில் இரண்டே வரி இருந்தது. சில மாதத்தில் ஐந்து வரியானது. இப்போது திரை முழுக்க, இது தருகிறேன் அது தருகிறேன் என்று வரிசை வரிசையாக நிற்கிறது. "பாத்தியா, வழிக்கு வர்றான்" என்று ஷரீபாவிடம் காட்டிவிட்டு, மறுபடியும் லேட்டர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடித்தனத்தில்தான் ஹாதியின் ஸ்கூட்டர் புகுந்தது.

ஹாதி, ஷரீபாவின் தம்பி. ஃபிரான்ஸில் வேலை கிடைத்து வியாழக்கிழமை விடியற்காலை கிளம்புகிறான். போவதற்கு முன் ஸ்கூட்டரை விற்க வேண்டும். ஷரீபாவின் பழைய வண்டி அடிக்கடி நின்றுவிடுவதால், அவளுக்காகவே அதை வாங்கிக்கொள்ளலாம் என்றார் ஜெய்னுலாபுதீன். அதுவரை நல்ல புருஷன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாதி வண்டியோடு வந்து முப்பத்தெட்டாயிரம் என்றான். அந்தத் தொகையைக் கேட்டதும் அவருக்குள்ளிருந்த வியாபாரி எழுந்துகொண்டார். டயரைத் தட்டினார். சைலன்ஸரிடம் காதைக் கொடுத்தார். சீட்டைத் தூக்கிப் பார்த்து, "ம்ச்" என்றார். முப்பத்தினாலுக்கு முடித்து, ஹெல்மெட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். ஷரீபா டீ தம்ளர்களோடு நிலைப்படியில் நின்று முழுவதையும் பார்த்தாள்.

ஹாதி போனதும் கேட்டாள்: "ஊரை விட்டுப் போற பிள்ளை. அவன்கிட்ட டயரைத் தட்டிப் பாக்குறீங்க! அவன் என்னா ரோட்ல போறவனா?"

"தட்டிப் பாக்காம வாங்குனா அவனுக்குத்தான் அசிங்கம், ஷரீபா. பெரிய மனுஷனா மதிச்சுப் பேரம் பேசுனேன்."

ஜெய்னுலாபுதீன் இதை மனதாரத்தான் சொன்னார். ஷரீபா டீயை அப்படியே திருப்பி உள்ளே எடுத்துப் போனாள். அதோடு பேச்சுக் கடை சாத்தியாயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் அவள் புது ஸ்கூட்டரைத் தொடாமல், கேரியரை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கேரியர் ணங்கென்று உட்கார்ந்தது. சாப்பிட்டார்கள். பெட்டியைப் போட்டு லேட்டரை அழுத்தினார்கள். சிவப்பு வண்டி வலப்பக்கம் போனது. இடப்பக்கம் வரமாட்டேன் என்றது. ஷரீபா ஜாய்ஸ்டிக்கை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, இடது பொத்தானைப் பத்துப் பதினைந்து தடவை அழுத்திக் காட்டினாள். செத்துப்போயிருந்தது. தரையில் அதை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எந்தப் பொத்தான் போனால் ஒட்டல் பிரியவே பிரியாதோ, அதே பொத்தான்.

மறுநாள் ஜெய்னுலாபுதீன் சண்டே மார்க்கெட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சலித்தார். பெட்டி விற்றவன் இருந்த இடத்தில் இப்போது செருப்பு. வேறொருவனிடம் அதே மாதிரி ஒரு ஜாய்ஸ்டிக் இருந்தது. அறுநூறு என்றான். ஜெய்னுலாபுதீன் அறுநூறை எடுத்துக் கொடுத்துவிட்டார். கடைக்காரனே பயந்துபோய், "பாய், நல்லா பாத்துக்குனு வாங்குங்க" என்றான். அவர் பார்க்கவில்லை. கடைக்கு வந்து செருகப் போனால் முனையே நுழையவில்லை. சொன்ன விலைக்கு ஒரு பொருள் வாங்கியது அவர் ஆயுளில் அதுதான் முதல் தடவை, அதுவும் உதவாத பொருள். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அதீப் கூரியரில் அனுப்பிய புது ஜாய்ஸ்டிக் வந்தது. ஷரீபா போனில் சொல்லி, அவன் வாங்கி அனுப்பியது. பெட்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஜெய்னுலாபுதீன் மகனுக்குப் போன் போட்டார்.

"அப்டேட் பண்ணுங்க அத்தா. பழைய எமுலேட்டருக்குப் புது ஜாய்ஸ்டிக் தெரியாது. எத்தனை வருஷமா லேட்டர் லேட்டர்னு அழுத்திக்கிட்டே இருக்கீங்க!"

"முதல்ல சொன்னதுக்கே சரின்னா அவன் நம்மளை என்னா நெனைப்பான்?"

"எவன்?"

"அப்டேட் விக்கிறவன்."

"அய்யோ அத்தா, அது சும்மா தர்றது."

"சும்மா தர்றேன்னு இத்தினி வருஷமா ஒருத்தன் பின்னாடியே வர்றான்னா, அவனுக்கு இதுல என்னமோ இருக்குதுடா."

அதீப் மறுமுனையில் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. "சரி, திரையில இருக்கிறதை போட்டோ எடுத்து அனுப்புங்க. என்ன தர்றாங்கன்னு நானே படிச்சு சொல்றேன்." அனுப்பினார். அவன் படித்தான். புது ஜாய்ஸ்டிக் எல்லாம் ஏற்கும். படம் தெளிவாக இருக்கும். சத்தம் கரகரக்காது. "இந்தாங்க, நம்ம தள்ளுவண்டியிலயே ஒரு கோளாறை சரி பண்ணியிருக்காங்க. கேட்ல ரெண்டு வண்டியும் ஒட்டிக்குமே, அது இனிமே ஒட்டாதாம்."

ஜெய்னுலாபுதீன் சுவரிலிருந்த அட்டையின் மூன்றாவது பத்தியைப் பார்த்தார்.

"அத்தா? லைன்ல இருக்கீங்களா?"

"அதை மட்டும் வெச்சிக்கிட்டு மீதியைக் குடுக்கச் சொல்லேன்."

"பிச்சுப் பிச்சுத் தரமாட்டாங்க. மொத்தமாத்தான்."

"புடிக்கலன்னா பழசையே திரும்பிப் போட்டுக்கலாமா?"

"இந்தப் பெட்டிக்குப் பழசு இப்ப யார்கிட்டயும் இல்ல அத்தா. போனா போனதுதான்."

திருப்பி எடுத்துக்கொள்ளாத சரக்கு. ஏற்றினால் ஷரீபாவின் வண்டி இடப்பக்கம் போகும், ஆனால் ஒட்டாது. ஏற்றாவிட்டால் ஒட்டும், ஆனால் ஒட்டுவதற்கு அவள் வண்டி வராது. இரண்டு பக்கமும் நஷ்டம் காட்டுகிற வியாபாரத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. இன்றைக்கு இல்லாவிட்டால் என்றைக்காவது சமாதானம் ஆகும் என்று விடவும் முடியாது. புதன்கிழமை ராத்திரி ஹாதிக்கு விருந்து. அவன் அக்காவும் மச்சானும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு பிரியாணி பரிமாறினால், அந்தச் சோற்றை விழுங்கிவிட்டு அவன் எப்படி விமானம் ஏறுவான்?

புதன்கிழமை காலை டீக்கடையில் புருஷோத்தமனிடம் விஷயத்தைச் சொன்னார்.

"என்னா பாய் நீங்க. எங்க வீட்ல துர்கா ஒரு நாள் பேசாம இருப்பாளான்னு நான் காசு குடுத்துப் பாக்கிறேன். நீங்க பேச வெக்க மிஷின் தேடுறீங்க."

"விளையாட்டு இல்ல முதலாளி. ஏத்தவா, வேணாமா?"

"அதை ஏன் என்னைக் கேக்குறீங்க? எந்த வீட்டுக்காரம்மாவுக்காக இவ்வளவும் பண்றீங்களோ அவங்களைக் கேளுங்க."

"கேட்டா நான்தானே முதல்ல பேசுனதா ஆவும்?"

புருஷோத்தமன் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு அவரை இரக்கத்தோடு பார்த்தார். "நீங்கல்லாம் எப்படித்தான் பாய் கல்யாணத்துக்கு சம்மதம் சொன்னீங்க?"

அன்று மத்தியானம் ஷரீபா வந்தாள். கேரியரில் சாதமும் முருங்கைக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பும். ராத்திரி விருந்துக்கு அரைத்த மசாலா வாசனை அவள் கையில் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் புது ஜாய்ஸ்டிக்கை எடுத்து அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. திரையில் அந்த அறிவிப்பு நின்றுகொண்டிருந்தது. ஜெய்னுலாபுதீனின் கட்டைவிரல் நவ்வுக்குப் போயிற்று, லேட்டருக்கு வந்தது, மறுபடி போயிற்று. பக்கத்துக் கடையிலிருந்து புருஷோத்தமனின் குறட்டை அண்டாக்களில் பட்டு எதிரொலித்தது.

ஷரீபா எழுந்திருக்கப் போகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. புடவைத் தலைப்பை இழுத்துத் தலையில் சரிசெய்தாள். எழுந்திருக்கு முன் அவள் செய்கிற காரியம் அது.

"ஷரீபா."

அவள் கை நின்றது.

"இதை ஏத்துனா உன் வண்டி ஓடும். ஆனா இனிமே கேட்ல ஒட்டாது."

சொல்லிவிட்டார். நாற்பது வருஷ வியாபாரத்தில் அவர் முதலில் விலை சொன்னது அப்போதுதான்.

"ஒட்டாதுன்னா?" என்றாள். திரையைப் பார்த்துத்தான் கேட்டாள், ஆனால் கேட்டாள்.

"ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போயிடுமாம். அதீப் சொன்னான். திரும்பப் பழசை ஏத்தவும் முடியாதாம்."

"அதுக்கா ரெண்டு நாளா மூஞ்சி இப்படி இருக்குது?"

"பின்ன? ஒட்டலன்னா நீ எப்படி பேசுவே?"

ஷரீபா திரும்பி முழுசாக அவரைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, ஆனால் கன்னத்தில் எதையோ அடக்கி வைத்திருந்தாள்.

"இத்தினி வருஷமா அது தானா ஒட்டுச்சுன்னா நெனச்சிக்கிட்டிருந்தீங்க? பழத்தை ரொப்பிக்கிட்டு மூலையில நிப்பேன். நீங்க கேட்டுகிட்ட வந்தப்புறம் வந்து இடிப்பேன். பாதி ஒட்டல் நான் ஒட்டுனது."

ஜெய்னுலாபுதீன் கடகடவென்று மனதுக்குள் கணக்குப் போட்டார். அவள் மூலையில் நிற்பதை அவர் பலமுறை பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, அவள் வந்து சேரட்டும் என்று தன் வண்டியை மரத்தடியில் நிறுத்தி வைத்தும் இருக்கிறார். அப்படியானால் மீதிப் பாதி இவர் ஒட்டியது. எமுலேட்டர் தானாக ஒட்டியது ஏதாவது இருந்ததா என்பதே சந்தேகம். ஆனால் இருக்கிற சரக்கு முழுவதையும் ஒரே நாளில் வெளியே எடுத்து வைக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

"அப்படியா சேதி?" என்று மட்டும் சொன்னார். "அப்ப ஏத்தவா?"

"இருங்க. முதல்ல ஹாதிக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டார். "மாப்ள, நீ சொன்ன முப்பத்தெட்டே இருக்கட்டும். பாக்கி நாலாயிரத்தை ராத்திரி விருந்துக்கு வர்றப்ப வாங்கிக்க."

"உடம்பு கிடம்பு சரியில்லையா மச்சான்?" என்றான் ஹாதி. "முடிஞ்ச வியாபாரம் முடிஞ்சதுதான். முப்பத்தினாலுக்கே எனக்கு லாபம். பேட்டரி இன்னும் ரெண்டு மாசம் தாங்கினா பெருசு. இன்ஷூரன்ஸ் அடுத்த வாரம் முடியுது. உங்ககிட்ட சொல்லல."

"அடப்பாவி!" என்றாள் ஷரீபா. "என்கிட்டயே தள்ளிட்டியாடா?"

"அக்கா, நீ பக்கத்துலயா இருக்கே? மச்சான் டயரைத்தானே தட்டுனாரு, பேட்டரியைத் தட்டலியே! நான் வாயை மூடிக்கிட்டேன்."

அடக்கி வைத்திருந்தது அப்போது உடைந்தது. ஷரீபா டிராவல் பேக் குவியலில் சாய்ந்து, தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்துக் கடையில் குறட்டை நின்றது. ஜெய்னுலாபுதீன் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே கடமையைத் தொடர்ந்தார்.

"அதெல்லாம் தெரியாது மாப்ள. மூவாயிரமாவது வாங்கிக்க."

"ஆயிரம். அதுவும் அக்கா மூஞ்சிக்காக."

"ரெண்டரை."

"ஆயிரத்து ஐநூறு. அதுக்கு மேல ஒத்தப் பைசா வாங்க மாட்டேன்."

"ரெண்டு. ஹெல்மெட் என்கிட்டயே இருக்கட்டும்."

"சரி, ரெண்டு. நெய்ச்சோறு உண்டா, பிரியாணியா?"

"பிரியாணிதான்டா, வந்து தொலை" என்று ஷரீபா போனைப் பிடுங்கி அணைத்தாள். அவர் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கையும் பிடுங்கினாள். அவர் "கொஞ்சம் இரு" என்று சொல்லி முடிப்பதற்குள் நவ்வை அழுத்திவிட்டாள். அத்தனை வருஷம் கட்டிக்காத்த பேரம் ஒரு 'டிக்'கில் போயிற்று. திரையில் பச்சைக் கோடு ஊர்ந்து நிறைந்தது. பெட்டி அணைந்து எழுந்தது. புது ஜாய்ஸ்டிக்கில் விளக்கு எரிந்தது.

படம் பளிச்சென்று இருந்தது. பழத்தில் மாம்பழம் எது, ஆரஞ்சு எது என்று முதல்முறையாகத் தெரிந்தது. முதல் ஆட்டத்தில் இரண்டு வண்டிகளும் சேர்ந்து கேட்டுக்கு வந்தன. மோதவில்லை, ஒட்டவில்லை. பஸ்ஸில் தெரியாதவர்கள் ஒதுங்கிக்கொள்வது போல ஒன்றையொன்று தாண்டிப் போயின. ஷரீபா ஜெயித்தாள். ஜெய்னுலாபுதீனுக்கு ஏதோ பல் விழுந்த இடத்தை நாக்கால் தடவுவது போல இருந்தது.

இரண்டாவது ஆட்டத்தில் சிவப்பு வண்டி நிறையப் பழத்தோடு கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. உள்ளே போகவில்லை. அவர் நீல வண்டியை மெதுவாகக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் நிறுத்தினார். ஒட்டவில்லை. ஒட்டாமலே இரண்டும் நின்றன. மூலையில் நேரம் குறைந்துகொண்டே போனது. வெளியே யாரோ ஷட்டரைக் குனிந்து பார்த்து, "பாய், மடக்குக் குடை இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் போய்விட்டார்.

"ம், இடது" என்றாள் ஷரீபா.

இருவரும் சேர்ந்து அழுத்தினார்கள். வண்டிகள் ஒன்றாக ஓரடி இடப்பக்கம் நகர்ந்தன. நேரம் முடிந்தது. யாருக்கும் பாயிண்ட் இல்லை.

அவள் எழுந்து அட்டையிடம் போய், அதன் ஓரத்தில் செருகியிருந்த பேனாவால் மூன்றாவது பத்தியில் ஒரு கோடு போட்டாள்.

"அது எப்படி ஒட்டல் ஆவும்? மிஷின் ஒட்டலியே."

"கணக்கு எழுதறது யாரு?"

ஜெய்னுலாபுதீன் பெட்டியை அணைத்தார். நாலு மணிக்கு ஷட்டரைத் தூக்கினார். ஷரீபா கேரியரை, காலையில் அவர் கடைக்கு ஓட்டிவந்திருந்த ஹாதியின் ஸ்கூட்டரில் மாட்டி, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு தடவை ஸ்டார்ட் ஆகாத வண்டியை மூன்றாவது தடவை கிளப்பிப் போனாள். பேட்டரிதான். போன பிறகு அவர் அட்டையின் முன் நின்று கூட்டிப் பார்த்தார். ஷரீபா, நானூற்றுப் பதினாறு. அவர், முந்நூற்றுத் தொண்ணூறு. ஹாதிக்குத் தர வேண்டியது இரண்டாயிரம், ராத்திரி. ஒட்டல், எழுபத்து மூன்று. அதில் கடைசி ஒன்று முழுக்கக் கைவேலை.